நாலு கம்பெனி சேர்ந்து செய்த கைத்துப்பாக்கி

என்னிடம் இருக்கும் கைத்துப்பாக்கியின் மேல்பகுதியில், ஸ்லைடு என்று சொல்லப்படும் அந்த நீண்ட இரும்பு உறையில், 'ரெமிங்டன் ராண்ட், சிரக்யூஸ், நியூயார்க்' என்று பொறித்திருக்கிறது. தட்டச்சு எந்திரம் செய்து விற்ற கம்பெனி. கீழ்ப்பகுதியில் உள்ள வரிசை எண்ணைப் பட்டியலில் தேடினால் அது இதாக்கா கன் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்ட எண்; அவர்கள் வேட்டைக்காரர்களுக்கு ஷாட்கன் செய்தவர்கள். குண்டு பாய்ந்து போகும் குழாயான பேரலில் 'ஹெச்.எஸ்.' என்ற முத்திரை: ஹை ஸ்டாண்டர்ட் கம்பெனி. பிடியின் இருபக்கமும் திருகியிருக்கும் பழுப்பு பிளாஸ்டிக் தகடுகள் கீஸ் ஃபைபர் வார்த்தவை. அந்தக் கம்பெனியின் சொந்தத் தொழில் காகிதக்கூழில் சாப்பாட்டுத் தட்டு செய்வது.

துப்பாக்கி சேகரிப்பவர்கள் இந்த மாதிரி உருப்படியை 'மிக்ஸ்மாஸ்டர்' என்பார்கள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். எல்லாப் பாகமும் ஒரே தொழிற்சாலையில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் செய்ததாக இருந்தால் விலை எங்கேயோ போகும். என்னுடையது 'சுடுவதற்கு ஆகும்' ரகம். இந்தத் தரவரிசையோடு எனக்குத் தகராறு உண்டு. 1911 என்கிற இந்தத் துப்பாக்கியைப் பொறுத்தவரை கலந்து கிடப்பதுதான் அதன் இயல்பு, ஒரே கம்பெனிப் பாகங்கள்தான் வேண்டும் என்பவர்கள் கொண்டாடும் 'அசல்' பெரும்பாலும் பிற்காலத்து ஆசை என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நடுவில் வேறு கதைகளும் வரும்.

இந்தத் துப்பாக்கி பிறந்த கதை அவ்வளவு பெருமையானதல்ல. 1898-ல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைப் பிடுங்கிக்கொண்ட அமெரிக்கா, தெற்குத் தீவுகளில் மோரோ மக்களோடு மோத வேண்டியிருந்தது. மிண்டனாவோ, சூலு பக்கத்து முஸ்லிம்கள். ஸ்பெயின்காரர்களுக்கே முழுதாக அடங்காதவர்கள். அமெரிக்க அதிகாரிகள் இடுப்பில் வைத்திருந்தது .38 ரிவால்வர் (.38, .45 என்பதெல்லாம் குண்டின் பருமன், அங்குலக் கணக்கில் ஏறக்குறைய). அதில் பல குண்டு பட்ட பிறகும் வாளோடு ஓடிவந்து வெட்டிவிட்டே விழுந்தார்கள் என்று புகார் மேல் புகார். கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த பழைய .45 ரிவால்வர்களை எடுத்துத் தூசு தட்டி அனுப்பினார்கள்.

1904-ல் ராணுவம் ஓர் ஆய்வுக்கு உத்தரவிட்டது. ஜான் தாம்ப்சன் என்ற அதிகாரியும் (பின்னாளில் தன் பெயரில் ஒரு சப்மெஷின் கன் கொண்டுவந்தவர் இவர்தான்), லூயி லாகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் சிகாகோ இறைச்சிக் கொட்டடிக்குப் போய் மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எவ்வளவு ஆடுகிறது என்று கவனித்தார்கள். விதவிதமான குண்டுகள், விரல்விட்டு எண்ணும் அளவு மாடுகள், ஒன்றுக்கொன்று பொருந்தாத முடிவுகள். அதிலிருந்து 'குறைந்தது .45 வேண்டும்' என்ற பரிந்துரை எப்படி வந்தது என்று அறிக்கையைப் பற்றிப் படிக்கப் படிக்க வியப்புதான் கூடுகிறது. முடிவை முதலிலேயே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'ஒரே குண்டில் ஆளைத் தூக்கி எறியும் .45' என்று இன்றைக்கும் துப்பாக்கிக் கடைகளில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சின் மூலஸ்தானம் இந்தக் கொட்டடி.

இதில் இன்னொரு கூத்து: யாரை வீழ்த்த இந்தப் பெரிய குண்டு தேவைப்பட்டதோ, அந்த மோரோ சண்டையே 1913-ல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. துப்பாக்கி எல்லார் கைக்கும் வந்து சேர்வதற்குள் அதற்கான காரணம் போய்விட்டது.

வடிவமைத்தவர் ஜான் மோசஸ் ப்ரௌனிங். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரில் 1855-ல் பிறந்தவர். அப்பாவும் துப்பாக்கிக் கொல்லர். அவருடைய கைவேலையை விவரிக்க ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. 1926-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், தொழிற்சாலையிலேயே மாரடைப்பில் இறக்கும்வரை வேலை செய்தார். அவர் வடிவமைத்த .50 மெஷின் கன் இன்னும் உலகமெங்கும் பணியில் இருக்கிறது. கடைசிக் காலத்தில் அவர் தொடங்கி வைத்து, சேவ் என்ற பெல்ஜியக்காரர் முடித்த 9 மி.மீ. கைத்துப்பாக்கிதான் ஹை பவர். இந்திய ராணுவத்துக்காக மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 மி.மீ. பிஸ்டல் அதன் வாரிசு.

1907-ல் தொடங்கிய ராணுவச் சோதனைகளுக்குப் பலர் வந்தார்கள். லூகர் துப்பாக்கிக்குப் பெயர்போன கியோர்க் லூகர்கூட .45-ல் ஒன்றைச் செய்துகொண்டு ஜெர்மனியிலிருந்து வந்தார். கடைசியில் மிஞ்சியது இருவர்: கோல்ட் கம்பெனிக்காக ப்ரௌனிங், எதிரே சாவேஜ் கம்பெனி. 1911 மார்ச்சில் ஒவ்வொன்றிலும் 6000 தோட்டா சுட்டார்கள். சூடேறித் தொட முடியாமல் போனால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். சாவேஜ் 37 தடவை தகராறு செய்தது. கோல்ட் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. அந்த மாதம் 29-ம் தேதி ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

அதே 1911, ஜூன் 17. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்தத் தேதியைச் சொல்லத் தேவையில்லை. மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார்; பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த ப்ரௌனிங். அதே மனிதருடைய வடிவமைப்புதான், வேறு மாடல். மூன்று வருடம் கழித்து சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட கவ்ரிலோ பிரின்சிப்பின் கையிலும் பெல்ஜிய ப்ரௌனிங். ஆக்டன் ஊர்க்காரர் ஒருவரின் கைவேலை இப்படி எங்கெங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி; இப்போது இருப்பது அமெரிக்காவின் கிளீவ்லாந்தில். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். மணியாச்சி அவருக்கு வெறும் வரலாறு அல்ல, டியூட்டி பார்த்த ஸ்டேஷன். துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, "எதுக்குடே உனக்கு அது? அங்க என்ன, ராத்திரி கள்ளன் வாரானா?" என்று கேட்டார். கள்ளனுக்கு இல்லை, குறிபார்த்துச் சுடுகிற போட்டிக்கு என்றேன். நம்பவில்லை. பிறகு ப்ரௌனிங் கதையைச் சொன்னேன்.

"வாஞ்சி வச்சிருந்ததும் அவன் பண்ணுனதுதானா?"

"ஆமாப்பா, அதே ஆள்தான். பெல்ஜியத்துல செஞ்சது."

"அப்பிடியா!" என்றவர், "பூட்டி வையி. பிள்ள கைக்கு எட்டாம வையி" என்று முடித்துவிட்டார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. எங்கள் தெருவில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த ஒரே வீட்டுக்காரர், தேர்தல் வந்தால் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அமெரிக்காவில் பெரிய கடையொன்றில் மீன்தூண்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் துப்பாக்கி விற்பது இன்னும் ஜீரணமாகாத காட்சிதான். எனக்கும்தான்.

சரி, கலப்படத்துக்கு வருகிறேன்.

முதல் உலகப்போரின்போதே கோல்ட் கம்பெனியால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியும் ரெமிங்டன்-யூ.எம்.சி.யும் சேர்ந்து செய்தன. 1920-களில் சில திருத்தங்கள் செய்து (பின்பிடியை வளைத்து, ட்ரிக்கரைக் குட்டையாக்கி, சுத்தியல் மாதிரி அடிக்கும் ஹேமர் கையைக் கடிக்காமலிருக்க அதன் கீழே இருக்கும் நாக்கை நீட்டி) 1911ஏ1 என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் கூட்டம் இன்னும் பெருகியது. தையல் எந்திரம் செய்த சிங்கர் 500 துப்பாக்கிகள் மட்டும் செய்து கொடுத்துவிட்டு வேறு போர்த்தளவாட வேலைக்குப் போய்விட்டது. அந்த 500-ல் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கான டாலர். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததோடு சரி. ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் சுமார் 55,000 செய்தது. இதாக்கா 3 லட்சத்துக்கு மேல். தட்டச்சு எந்திரக்காரர்களான ரெமிங்டன் ராண்ட் எல்லாரையும் முந்திக்கொண்டு கிட்டத்தட்ட 9 லட்சம்.

இத்தனை பேரும் செய்ததை ராணுவம் ஒரு நிபந்தனையோடு வாங்கியது. எந்தக் கம்பெனியின் பாகமும் எந்தக் கம்பெனியின் துப்பாக்கியிலும் அரம் போடாமல் பொருந்த வேண்டும். சோதனையில் சில துப்பாக்கிகளை எடுத்து, அக்கக்காகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் குவித்துக் கலக்கி, மறுபடி கோத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். ரெமிங்டன் ராண்டே ஆரம்பத்தில் இதில் தடுமாறி, 1943-ல் சிறிதுகாலம் உற்பத்தியை நிறுத்திச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தட்டச்சு எழுத்தின் தண்டை நுணுக்கமாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கே துப்பாக்கியின் அளவுகள் பிடிபடக் கொஞ்சநாள் ஆனது. பிடிபட்ட பிறகு அவர்களை யாரும் நெருங்க முடியவில்லை.

1945-ல் போர் முடிந்ததும் ஆர்டர்கள் ரத்தாகின. அதற்குப் பிறகு, 1985-ல் பெரெட்டா கைத்துப்பாக்கி வரும்வரை, சாதாரணச் சிப்பாய்க்கான 1911-ஐ அமெரிக்க ராணுவம் புதிதாக வாங்கவே இல்லை. கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் போனது பழைய இருப்புதான். 40 வருடம் எப்படி ஓட்டினார்கள்? பழுதுபார்க்கும் கிடங்குகள். அகஸ்டா, ராக் ஐலண்ட், ஸ்பிரிங்ஃபீல்ட் மாதிரியான ஆயுதக் கிடங்குகளுக்கு மூட்டை மூட்டையாகத் துப்பாக்கி வரும். மொத்தமாகக் கழற்றுவார்கள். ஸ்லைடெல்லாம் ஒரு தொட்டியில், பேரலெல்லாம் ஒரு தொட்டியில், ஹேமர் ஒன்றில். தேய்ந்ததை ஒதுக்கி, மிச்சத்துக்குப் புதிதாக பாஸ்பேட் பூச்சு கொடுத்து, கைக்கு வந்ததை எடுத்து மறுபடி கோப்பார்கள். எந்த ஸ்லைடு எந்த எண்ணோடு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பக்கத்து மேசைக்காரன் சிரித்திருப்பான்.

என் துப்பாக்கியின் இடது பக்கத்தில் 'ஏ.ஏ.' என்ற இரண்டு எழுத்து இருக்கிறது. அகஸ்டா ஆர்சனல், ஜார்ஜியா மாநிலம். அதாவது இதாக்கா உடலில் ரெமிங்டன் ராண்ட் தலையை ஏற்றியது எவனோ ஒரு திருட்டு வியாபாரி அல்ல, அரசாங்கம். முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறது.

நான் வாங்கியது சி.எம்.பி. என்கிற அமைப்பிடமிருந்து. சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம்: குடிமக்களுக்குக் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்க ஏற்பட்டது, ராணுவம் கழித்த பழைய துப்பாக்கிகளை விற்கும் உரிமையும் அதற்கு உண்டு. ராணுவக் கிடங்கில் தூங்கிய 1911-களை விற்கச் சட்டம் அனுமதித்து, 2018-ல் விற்பனை தொடங்கியது. நான் வாங்கியபோது அது கணினியில் சொடுக்கி வாங்கும் சமாசாரமாக இல்லை. தாளில் விண்ணப்பம், தபாலில் மட்டும். குடியுரிமைக்குச் சான்று, அவர்களோடு இணைந்த ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினர் என்பதற்குச் சான்று, துப்பாக்கி சுடும் பயிற்சிக்குச் சான்று, நாம் குடியிருக்கும் ஊரில் லைசென்ஸ் உள்ள வியாபாரியின் உரிம நகல். எல்லாவற்றையும் உறையில் போட்டு அலபாமாவின் ஆனிஸ்டன் ஊருக்கு அனுப்பினால் குலுக்கலில் ஒரு எண் தந்தார்கள். அந்த எண் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முறை வந்ததும் போன் வந்தது: 'சர்வீஸ்', 'ஃபீல்ட்', 'ராக்' என்று மூன்று தரம், எது வேண்டும்? நான் ஃபீல்ட் என்றேன். எந்தக் கம்பெனி வேண்டுமென்று கேட்க வழியில்லை. பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

அவர்கள் ஒருமுறை குற்றப்பின்னணி சரிபார்த்தார்கள். பெட்டி வீட்டுக்கு வரவில்லை. வியாபாரியிடம் போனது, அவர் இரண்டாவது முறை சரிபார்த்துத்தான் கொடுத்தார். என் துப்பாக்கி சுடும் சங்கத்தில் உடன் இருக்கும் சிலருக்கு இது எரிச்சல். "இவ்வளவு கெடுபிடியா?" என்பார்கள். இந்த நாட்டில் எல்லாத் துப்பாக்கியும் இந்தக் கெடுபிடியோடு விற்கப்பட்டால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். அன்றைக்குக் காபி இடைவேளை கொஞ்சம் சீக்கிரமே முடிந்தது.

துப்பாக்கியைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது கனம். காலியாகவே 1.1 கிலோ. முழுக்க எஃகு. இப்போதைய பிளாஸ்டிக் உடல் துப்பாக்கிகளைப் பிடித்துப் பழகியவர்கள் சட்டென்று மணிக்கட்டைத் தாழ்த்திவிடுவார்கள். ஆனால் பிடி ஒல்லியானது. தோட்டா ஏழும் ஒற்றை வரிசையில் நிற்பதால் என்னைப் போன்ற சின்னக் கைக்காரனுக்கும் விரல் சரியாகச் சுற்றிவரும்.

கழற்றத் திருப்புளி வேண்டாம். தோட்டா அடுக்கிய மேகசினைப் பிடியிலிருந்து உருவி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பேரலுக்குக் கீழே தெரியும் சின்ன மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி, அதைப் பிடித்திருக்கும் புஷ்ஷிங் என்ற வளையத்தைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங் விடுபடும். கட்டைவிரல் கொஞ்சம் அசந்தால் மூடி கூரைக்குப் பறக்கும். 1911 வைத்திருக்கும் வீட்டின் கூரையில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும் என்பது இங்கே வழங்கும் கிண்டல். பிறகு ஸ்லைடைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, பக்கவாட்டு ஊசியை வெளியே தள்ளினால் மேல்பாகம் முழுதாக முன்பக்கம் வழுக்கி வந்துவிடும். இன்னும் உள்ளே போக வேண்டுமா? துப்பாக்கியின் ஒரு பாகமே மற்ற பாகத்தைக் கழற்றும் கருவி. தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னை எடுத்து அதன் நுனியால் பிடியின் உள்பாகத்தைப் பிடித்திருக்கும் ஊசியைத் தள்ளலாம். போர்க்களத்துச் சகதியில் உட்கார்ந்து கழற்றுகிறவனுக்குக் கருவிப்பெட்டி கிடையாது என்று ப்ரௌனிங்குக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது பேரலுக்கு அடியில் தொங்கும் ஒரு சின்ன இணைப்பு. எட்டு வடிவத்தில் இரண்டு ஓட்டை போட்ட ஒரு துண்டு இரும்பு, அவ்வளவுதான். பேரலின் முதுகில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன. அவை ஸ்லைடின் உள்கூரையில் உள்ள பள்ளங்களில் கவ்விக்கொண்டிருக்கும். சுட்டதும் பேரலும் ஸ்லைடும் ஒன்றாகக் கட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் பின்வாங்கும். அதற்குள் குண்டு வாயைத் தாண்டிப் போய், உள்ளே அழுத்தம் குறைந்திருக்கும். அப்போது அந்தத் துண்டு இரும்பு தன் ஊசியைச் சுற்றிச் சாய்ந்து பேரலின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். வரம்பு பள்ளத்திலிருந்து விடுபடும். பேரல் நின்றுவிட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் போய், தோட்டாவின் காலிக் கூடான கேஸை இழுத்து வெளியே எறிந்து, ஹேமரை மடக்கி, ஸ்பிரிங் தள்ள முன்னால் வந்து அடுத்த தோட்டாவை ஏற்றும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இவ்வளவும். சாயும் பேரல் என்ற இந்த ஏற்பாடு, துண்டு இரும்பு போய் வேறு உருவில், இன்றைய பெரும்பாலான போலீஸ், ராணுவக் கைத்துப்பாக்கிகளுக்குள்ளும் இருக்கிறது.

இந்தச் சங்கிலித்தொடரில் ஒரு கண்ணி ரெமிங்டன் ராண்டுடையது, அடுத்தது ஹை ஸ்டாண்டர்டுடையது, கீழே தாங்குவது இதாக்கா. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத மூன்று தொழிற்சாலைத் தொழிலாளிகள் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு கடைந்த இரும்புகள் எட்டுப் பத்து வருடம் கழித்து ஜார்ஜியாவில் முதல்முதலாகச் சந்தித்து, இன்றுவரை ஒன்றாக ஓடுகின்றன. ஒரே கூரைக்குள் செய்த பாகங்கள் ஒத்துப்போவதில் என்ன அதிசயம்?

சுடும் அனுபவத்தைப் பற்றிச் சினிமா நிறையக் கெடுத்து வைத்திருக்கிறது. .45 என்றால் தோள்பட்டை கழன்றுவிடும் என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். உண்மையில் அது வெடுக்கென்று உதைப்பதில்லை. உள்ளங்கையை நிதானமாகத் தள்ளும். 15 கிராம் எடையுள்ள, 11 மி.மீ.க்கு மேல் பருமனான குண்டு. வேகம் நொடிக்குச் சுமார் 830 அடிதான், ஒலியின் வேகத்தைவிடக் குறைவு. முதுகுப்பக்கம் வெயில் அடிக்கும் சாயங்காலங்களில், பக்கத்து வரிசையில் யாராவது சுடும்போது, செம்பு நிறத்தில் ஒரு பொட்டு வளைந்து போய்க் குறிப்பலகையில் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல்முறை பார்த்தபோது பிரமை என்று நினைத்தேன். சங்கத்துப் பெரியவர்கள் "எங்களுக்கும் தெரியும்" என்றார்கள்.

கஷ்டம் வேறு இடத்தில். முன்குறி அரிசிமணி அளவு, பின்குறியின் வெட்டு அதைவிட மோசம். நாற்பது தாண்டிய கண்ணுக்கு அது தெரியவே தனிக் கண்ணாடி வேண்டும். ட்ரிக்கரின் எடை ராணுவ அளவுப்படி 5 முதல் 6.5 பவுண்டு. நேராகப் பின்னால் அழுத்தாமல் ஒரு மயிரிழை பக்கவாட்டில் போனாலும் 50 யார்டில் குண்டு வளையத்தை விட்டே வெளியேறிவிடும்.

ஏன் 50 யார்டு என்றால், புல்ஸ்ஐ என்ற பழைய போட்டி அப்படி. ஒற்றைக் கையால் சுட வேண்டும். இன்னொரு கை கால்சட்டைப்பையிலோ இடுப்பிலோ. 50 யார்டில் 10 நிமிடத்துக்குள் 10 தோட்டா. பிறகு 25 யார்டுக்கு வந்து 20 நொடிக்கு ஐந்து, இரண்டு தடவை. அப்புறம் 10 நொடிக்கு ஐந்து, இரண்டு தடவை. முழுமதிப்பெண் 300. சினிமா மாதிரி இரண்டு கையால் பிடித்து, மண்டியிட்டு, கதவை உதைத்துக்கொண்டு போவதெல்லாம் இதில் இல்லை. நின்ற இடத்தில் நின்று, மூச்சை அடக்கி, தன் கை நடுங்குவதைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும் விளையாட்டு. இளைஞர்கள் அவ்வளவாக வருவதில்லை என்பதில் ஆச்சரியமில்லை. எனக்கு இதில்தான் ருசி.

செலவைச் சொல்லிவிட வேண்டும்: .45 தோட்டா 9 மி.மீ.யைவிட எப்போதும் விலை அதிகம். அதனால் சங்கத்தில் பாதிப்பேர் காலிக் கேஸைப் பொறுக்கிக்கொண்டுபோய் வீட்டு நிலவறையில் மறுபடி மருந்தேற்றுகிறார்கள். நானும் பொறுக்குகிறேன். பழைய ஸ்லைடுக்கு இரக்கம் காட்டி மருந்தைக் கொஞ்சம் குறைத்தே போடுகிறேன். பெரிய ஸ்பிரிங்கை அவ்வப்போது மாற்றிவிடுவது நல்லது. சில டாலர்தான், ஆனால் அது தளர்ந்தால் அடி முழுக்கத் துப்பாக்கியின் உடற்பகுதியில் விழும்.

கிளீவ்லாந்தில் தமிழர்கள் கூடும் இடங்களில் இதை நானாகப் பேச்செடுப்பதில்லை. வசந்தகாலத்தில் தியாகராஜ ஆராதனைக்கு ஊரே கூடும்போது, சாப்பாட்டு வரிசையில் யாராவது காதோடு கேட்பார்கள்: "நீங்க துப்பாக்கி வெச்சிருக்கீங்களாமே, நெஜமாவா?" கேட்பவரின் பிள்ளையும் என் பெண்ணும் ஒரே பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியில் மாதத்துக்கு ஒருதரம் கதவைப் பூட்டி, விளக்கணைத்து, பிள்ளைகளை மூலையில் உட்காரவைத்துப் பயிற்சி நடக்கிறது. எதற்கான பயிற்சி என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த இடத்தில் நின்றுகொண்டு எட்டு வடிவ இணைப்பின் அழகைப் பற்றி நான் என்ன பேசுவது? "ஆமாங்க, போட்டிக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வேன்.

வீட்டில் நிபந்தனை தெளிவானது. "ஏங்க, அது ஒரு பூட்டுல, தோட்டா இன்னொரு பூட்டுல. சாவி ரெண்டும் ஒரே வளையத்துல இருக்கக் கூடாது" என்றாள் மனைவி. அப்படியேதான் இருக்கிறது. இப்படிப் பூட்டி வைத்தால் ராத்திரி திருடன் வந்தால் எப்படி எடுப்பாய் என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். எடுக்கப் போவதில்லை. 80 வருடத்துக்கு முந்தைய துப்பாக்கியைத் தற்காப்புக்கு நம்புவது அதற்கும் அநியாயம், எனக்கும் ஆபத்து. வீட்டில் துப்பாக்கி இருந்தால் பாதுகாப்பு என்ற இந்த ஊர் நம்பிக்கை எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை.

கோடையில் கேம்ப் பெர்ரிக்குப் போகிறேன். ஒஹையோவில், ஈரி ஏரிக்கரையில், 1907 முதல் தேசியப் போட்டி நடக்கும் இடம். ஜூன் கடைசியில் ஏரியிலிருந்து மேஃப்ளை பூச்சி கிளம்பி, சுவர், கார், முதுகு என்று பார்த்த இடமெல்லாம் அப்பிக்கொள்ளும். ஏரிக்காற்று ஒற்றைக் கையை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது. அங்கே ராணுவம் கொடுத்த மாதிரியே, மாற்றமெதுவும் செய்யாத 1911-களுக்கென்று தனியாக ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். சோதனை மேசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு ட்ரிக்கரைப் பார்ப்பார்கள், குறிகளைப் பார்ப்பார்கள். வடிவம் ராணுவ வடிவமா என்பதுதான் கேள்வி. ஸ்லைடும் எண்ணும் ஒரே கம்பெனியா என்று யாரும் கேட்கவில்லை. கிடங்குக்காரர்களின் கண்ணோட்டம் அந்த மேசையில் மட்டும் இன்னும் பிழைத்திருக்கிறது.

போன தடவை எனக்கு அடுத்த இடத்தில் நின்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், இண்டியானாக்காரர், நல்ல மனிதர். என் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எண் இதாக்காவா? என்னிடம் ஒரு இதாக்கா ஸ்லைடு இருக்கிறது. உங்கள் ரெமிங்டன் ராண்டை எடுத்துக்கொண்டு அதைத் தருகிறேன். பேரலும் தேடிப் பிடித்துவிட்டால் உங்களுடையது அசலாகிவிடும், விலையும் ஏறும்" என்றார்.

அகஸ்டா முத்திரையைக் காட்டினேன். இதை இப்படிக் கோத்தது ராணுவம். நாம் இப்போது பிரித்து மாற்றினால் அதுதானே கலப்படம் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் பெட்டியைத் திறந்து காட்டினார். தலைமுதல் கால்வரை இதாக்கா; ஹேமர்கூட அந்த வருடத்துக்குரியதாம்.

"அழகாக இருக்கிறது. இப்படியேவா கிடைத்தது?"

"இல்லையில்லை" என்றார், நல்ல பெருமையோடு. "வாங்கும்போது உங்களுடையதைவிட மோசம். ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தது. பதினோரு வருடம் ஆயிற்று."

அவருக்கு இதில் முரண் எதுவும் தோன்றவில்லை. அதற்குமேல் நானும் வாதாடவில்லை. எங்கள் சுற்றுக்கு அழைத்தார்கள். காதடைப்பை மாட்டிக்கொண்டு இருவரும் வரிசைக்குப் போனோம். அன்றைக்கு அவர் என்னைவிடப் பதினாலு மதிப்பெண் கூடுதலாகச் சுட்டார்.